அவிநாசிப் பிள்ளையும் எதிர்வீட்டு அழுகையும்

கேள்வி – மார்ச் 2 (திருமுருகன்பூண்டி வாசகர்)

அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடியதும் சாமி திருப்பிக் கொடுத்தார் என்கிறோம். அதே அவிநாசிப் பக்கம் 2020 பிப்ரவரி 20 விடியற்காலையில், பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போன கேரள அரசுப் பேருந்தில் கண்டெய்னர் லாரி மோதி 19 பேர் செத்தார்கள். ஒரு பிள்ளையைக் கொடுத்தவர் அன்றைக்கு ஏன் சும்மா இருந்தார்? நம்பிக்கை உள்ளவங்க யாராவது சுற்றி வளைக்காமல் சொல்லுங்க.

மார்ச் 2, இரவு

சுற்றி வளைக்காமலே சொல்கிறேன். அந்த 19 பேர் ஏன் செத்தார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் தினமும் விளக்குப் போடுகிறவள், வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். அப்படியும் இல்லை.

"அவங்க கர்மா" என்று யாராவது எழுத நினைத்தால், எழுதும் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். செத்தவர் வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். அங்கே சொல்ல முடியாததை இங்கேயும் சொல்ல வேண்டாம்.

அவிநாசிக் கதையைப் பற்றி மட்டும் எனக்குச் சொல்ல இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன், பையனுக்குப் பரீட்சை.

மார்ச் 3

எங்கள் அம்மிச்சி ஊர் அவிநாசிக்குப் பக்கம். பங்குனியில் முதலைவாய்ப் பிள்ளை உற்சவம் என்றால் பேரப்பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விடும். கதையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். பெரியபுராணத்தில் சேக்கிழார் எழுதியதை நேராகப் படித்தது ரொம்பப் பின்னால். படித்தபோது, கோயில் வாசலில் சொல்லாமல் விடுகிற சங்கதிகள் அதில் நிறைய இருந்தன.

சேரமான் பெருமாளைப் பார்க்க மலைநாட்டுக்குப் போகிற வழியில் சுந்தரர் புக்கொளியூருக்கு வருகிறார். அவிநாசியின் பழைய பெயர் அது. தெருவில் நடக்கும்போது ஒரு வீட்டில் மங்கல வாத்தியம், எதிர்வீட்டில் அழுகை. என்ன என்று விசாரிக்கிறார். ஐந்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் குளிக்கப் போனார்கள், ஒருவனை முதலை பிடித்துக்கொண்டது, தப்பி வந்தவனுக்குத்தான் இன்றைக்குப் பூணூல் கல்யாணம் என்கிறார்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் தகப்பனும், வந்திருப்பது சுந்தரர் என்று தெரிந்ததும் எழுந்து வந்து கும்பிடுகிறார்கள். பிள்ளை வேண்டும் என்று அவர்கள் கேட்கவே இல்லை. "பிள்ளையை இழந்தது நீங்கள்தானா" என்று அவர்தான் கேட்கிறார். அது முன்பே நடந்து போனது, உங்களைக் கும்பிட வேண்டும் என்ற எங்கள் ஆசை வீண்போகவில்லை என்கிறார்கள். சுந்தரருக்கு அது தாங்கவில்லை. அந்தப் பிள்ளையை முதலை வாயிலிருந்து அழைத்துக் கொடுத்த பிறகுதான் அவிநாசியப்பனைக் கும்பிடுவேன் என்று சொல்லிக் குளக்கரைக்கு நடக்கிறார். அழுகிற வீடு முதலில், கோயில் அதற்கு அப்புறம்!

பாட்டிலும் கெஞ்சல் இல்லை. ஏழாம் திருமுறையில் 92-ஆம் பதிகம், நாலாவது பாட்டு: "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே." தரச்சொல்லு என்று சாமியையே ஏவுகிறார். சுந்தரர் சாமிக்குத் தோழர் என்பதால் அந்த உரிமை.

முதலை வாயிலிருந்து வந்தவன் ஐந்து வயதுப் பையனாக வரவில்லை. இடையில் போன வருஷங்களின் வளர்ச்சியோடு வந்தான். பிள்ளை போன வீட்டில், "இந்நேரம் இருந்திருந்தால் இவ்வளவு உயரம் இருப்பான்" என்று வாசற்படியைப் பார்த்துச் சொல்கிறதைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லுக்குத்தான் கதை பதில் கொடுத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

மார்ச் 3, பொழுதோட

காலையில் எழுதியதோடு இன்னொன்று சேர்க்க வேண்டும். வளர்ச்சி திரும்பி வந்தது, வளர்ந்ததைக் கண்ணால் பார்க்கிறது திரும்பி வரவில்லை. முதல் பல் விழுந்ததை அந்தத் தாய் பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய அற்புதத்துக்குள்ளேயும் அந்த இழப்பு அப்படியே நிற்கிறது.

எதிரெதிர் வீடு என்றதும் புறநானூற்று 194-ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாவுப் பறை, ஒரு வீட்டில் கல்யாண முழவு. ஒருத்தி பூச்சூடி நிற்கிறாள், ஒருத்தி கண்ணில் நீர் வழிகிறது. உலகத்தை இப்படிப் படைத்தவனைப் "பண்பிலாளன்" என்று நேராகவே சொல்லிவிட்டு, உலகம் கொடியதுதான், அதன் இயல்பு அறிந்தவர்கள் இனியதைத் தேடிக் காணுங்கள் என்று முடிக்கிறார். சேக்கிழாருக்குப் பல நூற்றாண்டு முந்தியது. திருமுருகன்பூண்டித் தம்பி, உங்கள் கேள்வியை நம் ஆட்கள் அப்போதே கேட்டுவிட்டார்கள். கேட்டதற்காக யாரும் அந்தப் பாட்டைக் கிழித்துப் போடவில்லை, பத்திரமாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 5

நாமக்கல் பக்கத்து அண்ணன் ஒருவர், "வினைப்பயன் என்று ஒன்று இருக்கிறது, சைவமே அதில்தான் நிற்கிறது, மறுக்க நாம் யார்" என்று எழுதியிருக்கிறார். மறுக்கவில்லைங்க அண்ணா. அதை எடுத்து யார் தலையில் வைக்கிறோம் என்பதுதான் என் பேச்சு.

உங்கள் பக்கத்துத் திருச்செங்கோட்டிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டுக்கு வந்து கொடிமாடச் செங்குன்றூரில் தங்கியிருக்கிறார், திருச்செங்கோட்டின் பழைய பெயர் அது. கூட வந்தவர்களுக்கு இந்த ஊர்ப் பனி ஒத்துக்கொள்ளாமல் குளிர் காய்ச்சல் வருகிறது. அவரிடம் போய்ச் சொல்கிறார்கள். நீங்கள் என்ன பாவம் செய்தீர்களோ என்று அவர் கேட்டாரா? "இந்நிலத்தின் இயல்பெனினும்" என்று சொன்னதாகச் சேக்கிழார் எழுதுகிறார். இந்த மண்ணின் இயல்பு இது, ஆனாலும் நமக்கு வரக் கூடாது என்று சொல்லித்தான் திருநீலகண்டப் பதிகத்தைப் பாடுகிறார்.

முதல் திருமுறை, 116-ஆம் பதிகம். முதல் பாட்டே உங்களுக்கான பாட்டு. அந்த வினைக்கு இந்த வினை வந்தது என்று சொல்கிறீர்கள், அதெல்லாம் தெரிந்தவர்கள்தான் நீங்கள், ஆனால் "உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே" என்கிறார். தப்பிக்கிற வழியைத் தேடாமல் உட்கார்ந்திருப்பது உங்களுக்குக் குறையில்லையா என்று கேட்கிறார். நோயில் கிடப்பவனை விட்டுவிட்டு, விளக்கம் சொல்கிறவனைக் கேள்வி கேட்கிற பாட்டு இது.

அடுத்த பாட்டு "காவினை இட்டும் குளம்பல தொட்டும்" என்று தொடங்கும். தோப்பு வைக்கிறது, குளம் வெட்டுகிறது. வினை பற்றிய பதிகத்தில் குளம் வெட்டுகிற வேலை எதற்கு வந்தது என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. அதை அப்புறம் எழுதுகிறேன்.

மார்ச் 6

ஈரோட்டு அண்ணன் ஒருவர், "இதையெல்லாம் எங்க ஊர்க்காரர் அப்பவே கேட்டாச்சு" என்று எழுதியிருக்கிறார். பெரியாரைத்தான் சொல்கிறார். கேட்டார்தான், கேட்கவும் வேண்டும். கடவுள் பேரைச் சொல்லி ஒருத்தன் துன்பத்தை நியாயப்படுத்தும்போது, கடவுளை நம்பாதவர் கோபப்படுகிற அளவுக்கு நம்புகிறவர்கள் நாம் கோபப்படுவதில்லை. அது எனக்கு வருத்தம்.

எங்கள் அம்மிச்சி பக்திக்காரிதான், ஆனால் ஊர்ச் சனம் மொத்தமும் மழைக்குக் காத்துக் கிடந்த ஒரு வேசகாலத்தில் மாரியாத்தா சிலைக்கு முன்னால் நின்று, "உனக்குக் கண்ணு இருக்குதா? இந்த வருசம் மாவிளக்குக் கெடையாது போ" என்று சத்தம் போட்டது. நோம்பி வந்ததும் மாவு இடித்தது. அதை யாரும் தெய்வ நிந்தனை என்று சொல்லவில்லை. பூசாரி சிரித்துக்கொண்டே திருநீறு கொடுத்தார்.

மார்ச் 8

"இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களுக்கு அற்புதம் ஏதாவது நடந்திருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். எழுதுகிறேன்.

என் பையனுக்குச் சின்ன வயதில் டெங்கு வந்தது. காய்ச்சல் விட்டதும் நாங்கள் எல்லாரும் மூச்சு விட்டோம். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று டாக்டர் அப்புறம் சொன்னார். ரத்தக் குழாய்க்குள் இருக்கிற நீர் வெளியே கசிய ஆரம்பிக்கும், கை கால் சில்லிட்டுப் போகும், நாடி இறங்கும். அந்த ஒன்றிரண்டு நாளைத் தாண்டிவிட்டால் கசிந்த நீர் தானாகவே உள்ளே திரும்பும். அதுவரை சலைனை அளந்து அளந்து ஏற்றவேண்டும், கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான்.

பக்கத்துப் படுக்கையில் தாராபுரம் பக்கத்துப் பெண் குழந்தை. அதே காய்ச்சல். அந்தத் தாயும் நானும் வெளியே ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்போம். அவர்கள் வீட்டு ஆட்கள் பண்ணாரிக்குப் போய்ப் புற்றுமண் கொண்டுவந்தார்கள். பண்ணாரியில் திருநீற்றுக்குப் பதில் புற்றுமண்தான் பிரசாதம். உள்ளே விடுகிற நேரம் பார்த்து அந்த அக்கா தன் மகள் நெற்றியில் கொஞ்சம் வைத்துவிட்டு, கேட்காமலே என் மகன் நெற்றியிலும் வைத்தார்.

என் பையன் பிழைத்தான். அந்தக் குழந்தை மறுநாள் போய்விட்டது.

என் பையனை வார்டுக்கு மாற்றியபோது எங்கள் ஒறம்பரை எல்லாரும் வராந்தாவிலேயே "மாரியாத்தா காப்பாத்திட்டா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்த அக்கா பத்தடி தள்ளிச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அற்புதம் நடந்ததா என்றால், என் மகன் உயிரோடு இருப்பதை நான் தினமும் அற்புதமாகத்தான் பார்க்கிறேன். ஆனால் "சாமி காப்பாற்றினார்" என்று நான் வாயால் சொல்கிறபோது, அதே மண்ணை வைத்த அந்தக் குழந்தையைச் சாமி விட்டுவிட்டார் என்ற பாதி வாக்கியம் சொல்லாமலே கூட வருகிறது. அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை நான் சொல்வதில்லை. நன்றி சொல்கிறேன். காரணம் சொல்வதில்லை.

மார்ச் 8, கொஞ்சம் கழித்து

அவிநாசிக் கதையில் எல்லாரும் தங்களை அழுகிற வீட்டில் வைத்துத்தான் பார்ப்பார்கள். நான் எதிர்வீட்டுக்காரி, பூணூல் கல்யாணம் நடந்த வீட்டுக்காரி. அந்த வீட்டுத் தாய் அன்றைக்கு வாசல் பக்கம் வந்தாளா, எதிர்வீட்டு அழுகை காதில் விழ எப்படிப் பந்தி பரிமாறினாள் என்று சேக்கிழார் எழுதவில்லை. எனக்கு அவளைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்ச் 11

காங்கயத்து அண்ணன், "கடவுள் சித்தம் தெரிய வேண்டுமா, சிவன்மலைக்குப் போங்க" என்று எழுதியிருக்கிறார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவன்மலை சுப்பிரமணிய சாமி கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒன்று உண்டு. முருகன் யாராவது ஒரு பக்தர் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அவர் கோயிலில் வந்து சொன்னால், சாமியிடம் பூப் போட்டுக் கேட்டு, உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது இருக்கும். சுனாமிக்கு முன்னால் தண்ணீர் இருந்தது என்று எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வார்கள்.

நானும் சிவன்மலைக்குப் போகிறவள்தான். பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஆசையாகத்தான் பார்ப்பேன். எந்த ஊரோ, யாரோ ஒருத்தர் கண்ட கனவை ஒரு கோயிலே மதித்து எடுத்து வைக்கிறது எனக்குப் பிடிக்கும். ஆனால் தண்ணீர் வைத்தபோது அது சுனாமி என்று யாரும் படித்துச் சொல்லவில்லை. கடலோரத்தில் ஒரு குடிசைகூட அதைப் பார்த்துக் காலி ஆகவில்லை. நடந்த பிறகுதான் அர்த்தம் வந்தது. அதை வைத்துக்கொண்டு, செத்தவர்களுக்குச் சாமி முன்கூட்டியே சொல்லியிருந்தார் என்றால் அது அவர்கள்மேல் பழி போடுகிறது போல் ஆகிவிடாதா? பெட்டி கும்பிடுவதற்கு இருக்கட்டும். தீர்ப்புச் சொல்ல அதை எடுக்காதீர்கள்.

மார்ச் 12

கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயிலுக்குப் போகிற தோழி ஒருத்தி பைபிளில் வருகிற யோபுவைப் பற்றிப் பேச வேண்டும் என்றாள். பேசினோம், மணி போனதே தெரியவில்லை. யோபுவின் பிள்ளைகள் செத்து, உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடக்கும்போது நண்பர்கள் மூன்று பேர் வந்து ஏழு நாள் ராப்பகலாக ஒரு வார்த்தை பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை சரி. அப்புறம் வாயைத் திறந்து, நீ ஏதோ தப்புச் செய்திருப்பாய் என்று ஆரம்பிக்கிறார்கள். கடைசியில் கடவுள் அந்த நண்பர்கள் மேல்தான் கோபப்படுகிறார். கேள்வி கேட்ட யோபுவே சரியாகப் பேசினான் என்கிறார். சம்பந்தர் "ஊனமன்றே" என்று கேட்டதும் இதுவும் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

யோபுவுக்குக் கடைசியில் வேறு பத்துப் பிள்ளைகள் பிறக்கின்றன. முதல் பத்துப் பேர் திரும்பவில்லை. "எனக்கு அந்த முடிவு எப்பவும் உறுத்தும்" என்றாள் அவள். எனக்கும் உறுத்தியது. அவிநாசியில் அதே பிள்ளை வருகிறான் என்று சொன்னேன். அவளுக்கு அந்தக் கதை தெரிந்திருக்கவில்லை, பதிகத்தை எழுதி வாங்கிக்கொண்டு போனாள்.

பிரான்சில் இருக்கிற லூர்து மாதா கோயில் பற்றியும் சொன்னாள். 1858-லிருந்து கோடிக்கணக்கான பேர் போய் வந்த இடம். அங்கே டாக்டர்கள் குழு விசாரித்து, அப்புறம் ஆயர் ஏற்று, அற்புதமாகக் குணமானது என்று அறிவித்த சம்பவங்கள் எழுபதைச் சுற்றித்தான் இருக்கின்றன. குணமாகாமல் திரும்பியவர்கள்? அவர்களும் மறுபடி போகிறார்களாம். சக்கர நாற்காலியில் வந்தவர்கள் அதிலேயே திரும்புகிறார்கள், அடுத்த வருஷமும் வருகிறார்கள். அந்த எழுபதைவிட இவர்களைப் பற்றித்தான் எனக்குக் கேட்க வேண்டும் போல் இருந்தது.

மார்ச் 15

நோயைப் பற்றி நம் மாரியம்மன் கோயில்கள் என்ன சொல்கின்றன என்று யாரும் பேசவில்லையே.

அம்மை போட்ட வீட்டில் "ஆத்தா வந்திருக்கா" என்பார்கள். பாவத்துக்குத் தண்டனை என்ற பேச்சே கிடையாது. படுத்திருக்கிற பிள்ளையே சாமி, அதற்கு வேப்பிலை, இளநீர், பக்கத்தில் சத்தம் போடக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது. நோயாளியை ஒதுக்கி வைக்கிற காரியத்தையே மரியாதையாகச் செய்திருக்கிறார்கள். கோயமுத்தூரில் பிளேக் வந்த காலத்தில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் வந்தன. 2021 மே மாதம் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தபோது ஊரே கேலி பேசியது. நான் கேலி பேசவில்லை. அந்த மாதம் எத்தனை வீட்டில் முகம்கூடப் பார்க்காமல் அனுப்பி வைத்தார்கள்! எங்கே போய் முறையிடுவார்கள்?

பெரியம்மை ஒழிந்தது தடுப்பூசியால்தான். 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்கப்புறம் மாரியாத்தாளுக்கு வேலை இல்லை என்று யாரும் கோயிலைப் பூட்டவும் இல்லை, ஊசி போடுகிறது ஆத்தாளுக்கு விரோதம் என்று என் அம்மா எங்களைத் தடுக்கவும் இல்லை. எனக்கு இரண்டும் இடிக்கவில்லை.

மாரியம்மன் நோம்பியில் கோயிலில் கம்பம் நடுகிறதையும் பாருங்கள். எங்கள் பக்கம் கம்பத்தை அம்மனுடைய புருஷனாகத்தான் பார்ப்பார்கள். பெண்கள் தினமும் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் வைத்துக் கும்பிடுவார்கள், இளவட்டங்கள் சுற்றி ஆடுவார்கள். நோம்பி முடிகிற அன்றைக்குப் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விட்டுவிடுவார்கள். வருஷா வருஷம் ஆத்தாளும் புருஷனைப் பறிகொடுக்கிறாள். துன்பம் படாத தெய்வத்திடம் போய் என் துன்பத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது. இவளிடம் வரும்.

மார்ச் 19

கோபிப் பக்கத்து அக்கா, "அப்படின்னா வேண்டுதலே வைக்க வேண்டாம்னு சொல்றியா கண்ணு" என்று கேட்டிருக்கிறார்.

இல்லைங்க அக்கா. பையன் படுத்திருந்தபோது பூவோடு, அதாவது தீச்சட்டி, எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன், எடுத்தேன். சட்டி சூடு கையில் ஏறும்போது அந்தத் தாராபுரத்து அக்காவும் வேண்டியிருப்பார், என்னைவிட நன்றாகவே வேண்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். வேண்டுதல் பலித்தது, பலிக்கவில்லை என்று பிரித்தால் அவர் வேண்டியது வீண் என்று ஆகும். வீண் என்று நான் நம்பவில்லை. என் மகன் நெற்றியில் அந்த மண் வந்ததே அவர் வேண்டுதலால்தான்.

அந்தக் குழந்தையின் காரியத்துக்கு நானும் வீட்டுக்காரரும் போயிருந்தோம். போகலாமா, நம்மைப் பார்த்தால் அவர்களுக்கு இன்னும் வலிக்காதா என்று பயம். போனதும் அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பையன் சாப்பிடறானா?" என்றுதான் கேட்டார். நான் ஒன்றும் பேசவில்லை. அடுப்படிக்குப் போய்ச் சோறு வடித்தேன், வந்தவர்களுக்கு இலை போட்டேன்.

கேள்வி கேட்ட தம்பி, "அப்போ அவிநாசியில் அற்புதம் நடந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்று மறுபடி கேட்டிருக்கிறார். நடந்தது என்று நம்புகிறேன் தம்பி. ஆனால் அந்த நம்பிக்கையை 19 பேர் வீட்டுக்கு விளக்கமாகக் கொண்டுபோக மாட்டேன். போனால் சோறு வடிக்கப் போவேன்.

மார்ச் 24

குளம் வெட்டுகிற பாட்டைப் பற்றி எழுதுகிறேன் என்றேனே, அது.

"இந்நிலத்தின் இயல்பு" என்றார் சம்பந்தர். எங்கள் நிலத்தின் இயல்பு என்ன? தண்ணீர் இல்லை. குழாயில் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். அதனால் எல்லார் வீட்டிலும் சிமெண்டுத் தொட்டி, டிரம், குடம், அண்டா என்று பிடித்துப் பிடித்து வைக்கிறோம். டெங்குக் கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டை வைக்கிறது. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வாரம் ஒரு தடவை தேய்த்துக் கழுவ வேண்டும்.

அந்தக் குழந்தை போனது யார் வினை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எந்தத் தொட்டியில் பிறந்த கொசு என்று கேட்டால், அதுவும் தெரியாதுதான், ஆனால் அந்தக் கேள்விக்குக் கையால் செய்ய வேலை இருக்கிறது. "கைவினை செய்து" என்று முதல் பாட்டிலேயே வருகிறது.

எங்கள் வீதிக்காரர்களுக்காக இதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி, பிள்ளையார் கோயில் முன்னால். தேய்க்கிற பிரஷ்ஷும் பிளீச்சிங் பவுடரும் நான் கொண்டுவருகிறேன். முதலில் பள்ளிக்கூடத்துப் பக்கம் இருக்கிற ஆறு வீடு, அப்புறம் தறிக்குடோன் பின்னால் கிடக்கிற பழைய டயர்கள். ஆட்டுக்கல்லில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள், அதை எல்லாரும் மறந்துவிடுகிறோம். தொட்டிக்கு மூடி இல்லாதவர்கள் நீள அகலத்தை அளந்து எழுதி வையுங்கள், கொசுவலை வாங்க வேண்டும்.